70 கிலோ என்று சொன்னவன்

என் எடை 86 கிலோ. பின்பக்க ஸ்பிரிங் மாற்றும்போது மெக்கானிக்கிடம் 70 என்று சொன்னேன். பக்கத்தில் பையன்கள் சிலர் நின்றிருந்தார்கள், வேறு காரணம் இல்லை. ஹெல்மெட், பூட்ஸ், மார்புக் கவசம் மாட்டினால் 90ஐத் தாண்டுவேன். மோட்டோகிராஸ் பைக்குக்கு ஓட்டுபவரின் எடை பார்த்துத்தான் ஸ்பிரிங் போட வேண்டும். கையேட்டில் அட்டவணையே இருக்கும். அதன்பிறகு ஷாக்கின் திருகுகளோடு நான் போட்ட மல்லுக்கட்டெல்லாம் அந்தப் பொய்யை மறைக்கத்தான்.

மென்மையான ஸ்பிரிங் என் பாரம் தாங்காமல் தாழ்ந்தது. ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் ப்ரீலோட் வளையத்தை இறுக்கினேன். தாவி இறங்கினால் ஷாக் அடிவரை போய்த் தட்டியது. அமுங்கிய ஸ்பிரிங் எகிறி என்னை ஹேண்டில்பார் மேல் தள்ளியது. எகிறலை அடக்க, ஷாக்கின் அடியில் இருக்கும் ரீபவுண்ட் திருகை வலப்பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பினால் எண்ணெய் போகும் வழி குறுகும், அமுங்கிய ஷாக் மெதுவாக நீளும். ஒற்றை மேட்டில் பிரமாதமாக இருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

வினை, அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் காத்திருந்தது. முதல் மேட்டில் அமுங்கியது முழுதாக நீள்வதற்குள் இரண்டாவது வந்துவிடும். ஷாக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்துகொண்டே போய், நான்காவது ஐந்தாவது மேட்டில் அமுங்க இடமே இருக்காது. உலக்கையால் இடித்ததுபோல் முதுகில் விழும். அதை ஷாக்கின் விறைப்பு என்று எடுத்துக்கொண்டு, அமுங்கும் வேகத்தை அடக்கும் கம்ப்ரஷன் திருகைத் தளர்த்தினேன். இன்னும் சீக்கிரமே அடிதட்டியது.

ஒரு டேப் இருந்தால் தீர்ந்திருக்கும். பின்சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து மட்கார்டில் குறித்த புள்ளிவரை ஓர் அளவு, கவசத்தோடு ஏறியபின் இன்னோர் அளவு. பெரிய மோட்டோகிராஸ் பைக்கில் வித்தியாசம் 100 மில்லிமீட்டரை ஒட்டி வர வேண்டும். ஆளில்லாமல் பைக் தானாக இறங்குவது 30, 40. பிற்பாடு அளந்தபோது, ஆளோடு 100 சரியாக வந்தது, ஆளில்லாமல் இறங்கவே இல்லை. ஸ்பிரிங் மென்மை என்பதற்கு அதுதான் அடையாளம். கேட்பவருக்குத் தலைகீழாகத் தோன்றும். ப்ரீலோடால் பைக்கின் உயரம் மாறும், ஸ்பிரிங்கின் பலம் கூடாது. ரீபவுண்ட், கம்ப்ரஷன் என்ற டேம்பிங் இரண்டும் அசைவின் வேகத்தைத்தான் அடக்கும், பாரத்தைச் சுமக்காது. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். ஆனால் அளக்க இன்னொரு ஆள் வேண்டும், அவர் டேப்பைப் பார்ப்பார்.

என் முதுகோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

பெல்ஜியக்காரர் டில்கென்ஸ் யோசித்த ஒற்றை ஷாக் ஏற்பாட்டை யமஹா வாங்கியதும், 1973இல் ஹோகன் ஆண்டர்சன் அதை ஓட்டி 250 சிசி உலகப் பட்டம் வென்றதும் நான் பையன்களிடம் அடிக்கடி அளக்கும் கதை. கதை தெரிந்தவனுக்கு ஷாக்கும் தெரியும் என்று நம்பிவிட்டார்கள். ஒருவன், மெலிந்த உடம்பு, பைக் எகிறுகிறது என்று வந்தான். ஏறி உட்காரச் சொல்லிக்கூடப் பார்க்கவில்லை. "ரீபவுண்டை நல்லா இறுக்குடா தம்பி" என்றேன். அடுத்தடுத்த மேடுகளில் விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டான். எனக்குக் காரணம் அப்போதே விளங்கிவிட்டது. "ஹேண்டிலை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறே" என்றேன்.

கட்டுப் பிரித்து வந்த அன்று அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து, அவன் பைக்கின் ரீபவுண்ட் திருகைக் கையேட்டில் சொன்ன இடத்துக்கே திருப்பி வைத்தேன். ஒரு சுற்று ஓட்டிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்தான். "நீங்க சொன்ன மாதிரி கையத் தளர்த்திப் பிடிச்சேண்ணா, சூப்பரா போகுது."

"அதான் சொன்னேன்ல" என்றேன்.