வாயில் திண்டுக்கல், போனில் திருப்பூர்

திண்டுக்கல் டிராகன்ஸ் தோற்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க ஆசைப்பட்டேன். 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) இறுதி ஆட்டம், அதுவும் நம் மாவட்டத்திலேயே, நத்தம் என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில். நான் கன்னிவாடிக்காரன். என் மாவட்டத்தின் பெயரைச் சுமந்த அணி தோற்றால் எனக்குப் பணம் வரும் என்ற நிலையில் அன்று உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் என்றால் என்னிடம் வந்து கேட்பார்கள். கோடை விடுமுறை டென்னிஸ் பால் டோர்னமென்டுகளில் ஆடிய காலத்திலிருந்து வந்த மரியாதை அது. அந்த வாரம் டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "நம்மாளுக அடிச்சிருவாங்களாண்ணே?"

"கப்பு நமக்குத்தாம்ப்பா" என்றேன். நான் அதை நம்பவில்லை.

திண்டுக்கல் ஜூலை 2-ல் திருச்சியை வென்றது, 4-ல் சேப்பாக்கத்தை வென்றது. ஐந்து நாளில் மூன்றாவது ஆட்டம். திருப்பூர் தமிழன்ஸ் முதல் தகுதிச்சுற்றிலேயே ஜெயித்துவிட்டு ஓய்வாகக் காத்திருந்தது. அதைவிட முக்கியம், திண்டுக்கல்லின் வெற்றிகள் வந்த விதம். திருச்சிக்கு எதிராக அஸ்வின் 83. சேப்பாக்கத்துக்கு எதிராக விமல் குமாரின் அடி. ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் தூக்கி நிறுத்தினார். அந்த ஒருவர் கிடைக்காத நாளில் என்ன ஆகும் என்பதைப் பழைய இறுதி ஆட்டங்களில் பார்த்திருக்கிறேன். 2018-ல் மதுரையிடம் 117-க்கு ஆல் அவுட். 2019-ல் சேப்பாக்கம் வைத்த 127-ஐ எட்ட முடியாமல் 114. கோப்பை கைக்கு வந்த 2024-லும் கோவையின் 129-ஐத் தாண்ட அஸ்வின் பொறுமையாக நின்று 52 எடுக்க வேண்டியிருந்தது. எதிர்ப் பக்கம் தொடக்க ஆட்டக்காரர் துஷார் ரஹேஜாவோ சீசன் முழுக்க ரன் குவித்துக்கொண்டிருந்தார். திருப்பூர்தான் ஜெயிக்கும் என்று முடிவு செய்தேன்.

இதை டீக்கடையில் சொல்லியிருக்கலாம். பையன்கள் கோபப்பட்டிருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள், அவ்வளவுதான். சொல்லவில்லை. போனில் ஒரு ஃபேன்டஸி கிரிக்கெட் செயலியைத் திறந்து பணம் கட்டி, துஷாரைக் கேப்டனாகவும் அதே அணியின் அமித் சாத்விக்கை வைஸ் கேப்டனாகவும் போட்டு டீம் சேர்த்தேன். என் பேச்சை நம்பி எங்கள் தெருப் பையன்கள் சிலர் வேன் பிடித்து நத்தத்துக்குப் போனார்கள்.

மீதிப் பேரோடு நான் டிவி முன்னால். சாத்விக் 65, துஷார் 77. ஒவ்வொரு சிக்ஸருக்கும் பக்கத்தில் இருந்தவர்கள் தலையில் கை வைத்தார்கள். நானும் வைத்தேன். திருப்பூர் 220 எடுத்தது. பிறகு அஸ்வின் சீக்கிரமே வெளியேறினார், அதன் பின் யாரும் நிற்கவில்லை. 102-க்கு எல்லாம் முடிந்தது, 118 ரன்னில் தோல்வி. ஏழாவதோ எட்டாவதோ விக்கெட் விழுந்தபோது மேசைக்குக் கீழே போனைப் பார்த்தேன். பட்டியலில் என் பெயர் மேலே ஏறியிருந்தது. என் அக்கா மகன் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தது தெரியவில்லை.

"என்ன மாமா, நம்மாளுக இவ்ளோ கம்மியா?"

அவன் சத்தமாகக் கேட்கவில்லை. "சும்மா போட்டது" என்றேன். அதுவும் பொய். அந்த சீசனில் திண்டுக்கல் ஆடிய ஆட்டங்களில் அவர்களுக்கு எதிராகவே பல முறை பணம் கட்டியிருந்தேன். கட்டக் கட்ட, அவர்கள் நன்றாக ஆடுவதைப் பார்க்கும் கண்ணே எனக்கு இல்லாமல் போயிருந்தது. விமல் குமார் அடித்த சிக்ஸர்கள் அழகானவை. அவற்றை நஷ்டமாகத்தான் பார்த்தேன். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

ஆகஸ்ட் 22-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்கும் மத்திய அரசின் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். செயலிகள் பணப் போட்டிகளை மூடின. நானாக விட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கதவு சாத்தப்பட்டது, அதனால் நின்றேன்.

அக்கா மகனிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், ஜெயித்த தொகை உட்பட. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த சீசன் மொத மேட்ச் எப்படி மாமா, நெஜமா சொல்லுங்க" என்றான்.

நிஜமாகவே சொன்னேன். பவர்பிளேயில் இரண்டு விக்கெட் போனால் இந்த அணி இன்னும் உடைகிறது. நான்காவது, ஐந்தாவது இடத்தில் ஓவருக்கு எட்டு எடுத்துக்கொண்டே கடைசி வரை நிற்க ஒருவரைக் கண்டுபிடிக்காவிட்டால், 170-க்கு மேல் துரத்த வேண்டிய ஆட்டத்தில் வாய்ப்பு குறைவு. 140-க்குள் எதிரணியை அடக்கினால் நமக்கே. டாஸ் ஜெயித்தால் பந்துவீச வேண்டும். அவன் ஒத்துக்கொள்ளவில்லை, முதலில் பேட்டிங்தான் எடுக்கணும் என்றான். வெகுநேரம் வாதாடினோம்.

வேனில் போய் வந்த பையன்களிடம் இன்னும் சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் அவர்களுக்குத் தெரியும்.