உம்மா தந்த வீடு யாருடைய பெயரில்?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே பஸ்ஸில் வந்தால், கல்லாற்றைத் தாண்டியதும் ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது. ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பது வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கிழக்கே கடல், மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தில்தான் வீடும் பள்ளிவாசலும் கோயிலும் சந்தையும் நெருங்கி நிற்கின்றன.

மருதமுனையில் தறிச் சத்தம் கேட்கும். சாறனும் சேலையும் நெய்வதில் பேர்போன ஊர். கல்முனைக்குடிக் கரையில் கடற்கரைப் பள்ளி இருக்கிறது. நாகூர் ஆண்டகையின் நினைவாக அங்கே ஆண்டுதோறும் கொடியேறும்.

இந்தக் கரையில் முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும் ஒரு பழைய வழக்கம் உண்டு. வீடு பெண்ணுக்குரியது. கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வார். உம்மாவும் வாப்பாவும் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு, அதே வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டி ஒதுங்கிக்கொள்வார்கள். ஒரே வேலிக்குள் ராத்தா, தங்கச்சி, சாச்சி, மூத்தம்மா. ஒருத்தி வேலைக்குப் போனால் மற்றவள் பிள்ளையைப் பார்ப்பாள். கணவன் இறந்தாலும், விட்டுப் போனாலும் அவளை வெளியே போ என்று சொல்ல யாருமில்லை.

இதைப் புகழ்ந்து மட்டும் பேச முடியாது. மகளுக்கு வீடு கட்டக் கடன்பட்ட வாப்பாமாரும், அதற்காகவே மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போன உம்மாமாரும் இங்கே ஏராளம். ஆனாலும் அந்த வீடு அவளுக்குரியதாக இருந்தது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமி வந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. 10,000 க்கும் மேற்பட்டோர். கடலோரத்து வளவுகள் வேலியோடு போயின. உறுதிகளும் தண்ணீரோடு போயின.

பிறகு அளவுநாடா வந்தது. வடக்கு, கிழக்குக் கரைகளில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக் கூடாது என்றார்கள். ஒடுங்கிய ஊரில் 200 மீற்றர் என்றால் பாதி ஊர். பின்னர் அந்தத் தூரம் குறைக்கப்பட்டது. மருதமுனையில் ஒரு குடியிருப்புக்கு '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்பதே பெயராகிவிட்டது. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமமும், கல்முனையில் கிறீன் பீல்ட் மாடி வீடுகளும் எழுந்தன. மாடி வீட்டில் மகளுக்கென்று இன்னொரு வீடு கட்ட வளவு ஏது?

அதைவிடப் பெரிய மாற்றம் படிவத்தில் நடந்தது. படிவம் 'குடும்பத் தலைவர்' பெயரைக் கேட்டது. பல இடங்களில் அங்கே கணவனின் பெயர் எழுதப்பட்டது. அரச காணியை ஒருவர் பெயரில் கொடுப்பதே அன்றைய நடைமுறை. அழிந்தது உம்மா தந்த வீடு. கிடைத்ததோ கணவன் பெயரிலான வீடு. கிழக்கிலங்கைப் பெண்கள் அமைப்புகள் அன்றே இதை எடுத்துச் சொன்னன. கூட்டு உரித்து வேண்டும் என்று கேட்டன.

ஊரைக் கேட்காமல் திட்டம் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அக்கரைப்பற்று நுரைச்சோலை ஒரு சாட்சி. சவூதி அரேபியாவின் உதவியில் அங்கே 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்கு என்பதில் இனப் பிணக்கு எழுந்து வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 2009 இல் தீர்ப்பு வந்த பிறகும் வீடுகள் ஆண்டுக்கணக்கில் ஆளில்லாமல் கிடந்து காடு மண்டின. காசும் சீமெந்தும் இருந்தன. அயலவர் ஒன்றாக இருந்து பேசிய உடன்பாடு இல்லை.

ஊரை மீளக் கட்டியெழுப்பும் திட்டம் இனி எப்போது வந்தாலும், அதை முதலில் பார்க்க வேண்டியவர்கள் பெண்கள். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசுரிமையில் ஆணுக்கு முன்னுரிமை தந்த ஏற்பாடு 2022 இல் திருத்தப்பட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் பழைய பத்திரங்களில் உள்ள பெயர்கள் தானாக மாறப் போவதில்லை.

எனவே சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பத்திரத்தை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். யாருடைய பெயர் இருக்கிறது? சந்தேகம் இருந்தால் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேளுங்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேச்சுக்கு எடுங்கள். அபிவிருத்திக் கூட்டத்துக்கு அழைத்தால், வீதியும் வடிகாலும் கேட்பதோடு இன்னும் மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பத்திரம் யார் பெயரில்? பிள்ளையைப் பார்க்கும் உறவுகள் நடக்கும் தூரத்தில் இருப்பார்களா? பக்கத்து ஊராரிடம் பேசியாயிற்றா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதப்படும் வரை கையொப்பம் இடாதீர்கள்.