செவலையின் கயிறு

தெல்தோட்டைப் பக்கம் எங்கள் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் பின்னால் கருங்கல் கட்டடம் ஒன்று இருந்தது. நான் பார்க்கும் காலத்தில் அதற்குள் ஜீப் நின்றது. தாத்தா மட்டும் கடைசிவரை அதைக் குதிரை லாயம் என்றே சொன்னார். அவருடைய அப்பா அங்கே குதிரைக்காரர். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துரை எங்களுக்குப் பக்கத்து மலைதான். துரைமார் அந்த மலைகளைக் குதிரையில்தான் சுற்றி வந்தார்கள்.

குதிரை துரைக்கு, மாடு எங்களுக்கு. குடியிருந்த லயத்துக் காம்பரா தோட்டத்துடையது, கால் வைத்த மண்ணும் தோட்டத்துடையது. விலை சொல்லி விற்க எங்கள் சனத்திடம் இருந்தது பட்டியில் நின்ற மாடு ஒன்றுதான்.

மாடு கைமாறும் நாள் லயத்துக்கே திருநாள். பஜாரிலிருந்து மாட்டு வியாபாரி நானா வருவார். வாயைத் திறந்து பல் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடியைத் தடவி ஒவ்வொரு காம்பிலும் ஒரு பீச்சு பீச்சிப் பார்ப்பார். எத்தனையாவது ஈத்து என்று கேட்டுவிட்டுக் கொம்பையும் ஒருதரம் பார்த்துக்கொள்வார். மணப்பாறைச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களாம், தாத்தா சொல்வார். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் எல்லாம் வாய்ப்பேச்சுதான். பிளேன்டீ இரண்டு சுற்று வரும். அச்சாரம் கைக்கு வந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் மூச்சு விடுவார்கள்.

1964இல் போட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் சனத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றது. எழுபதுகளில் எங்கள் லயத்துக் கதவையும் அது தட்டியது. ஒரே மாதத்தில் நாலைந்து குடும்பத்துக்குப் பயணத் தேதி வந்தால் நாலைந்து பட்டியும் விலைக்கு வரும். போகிறவன் பேரம் பேச முடியாது, தேதி கழுத்தில் நிற்கிறது. கறவை மாடு காய்ந்த மாட்டு விலைக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். இன்றும் ஆறவில்லை எனக்கு.

பக்கத்துக் காம்பரா மாமா தன் செவலைப் பசுவை நானாவிடம் காட்டவே இல்லை. அப்பாவிடம் வந்து, “மச்சான், இந்தப் பட்டியிலேயே நிக்கட்டும். குடுக்கிறதக் குடு” என்றார். அப்பா சீட்டுக்காசு முழுவதையும் எடுத்துக் கொடுத்தார். அதுவும் குறைவுதான் என்று இருவருக்கும் தெரியும். மாமா எண்ணவில்லை.

மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது, அதோடு வீட்டு இலட்சுமியும் போய்விடும் என்பது பழக்கம். அப்பா புதுக்கயிறு கொண்டுபோனார். மாமா பழையதை அவிழ்த்தார். சாணியும் வியர்வையும் ஏறிக் கறுத்த கயிறு. அதைக் கொண்டே தகரப்பெட்டியை இறுகக் கட்டினார். கண்டியில் ‘அழுகைக் கோச்சி’ என்று நாங்கள் சொன்ன ரயில் ஏறி, தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறி, அந்தக் கயிறு இராமேசுவரம் போனது.

அன்று சாயந்தரம் மேய்ச்சலிலிருந்து திரும்பிய செவலை பூட்டிக் கிடந்த காம்பரா முன்னால் போய் நின்றது. அம்மா புல்லுக்கட்டைக் காட்டிக் கூப்பிட்டும் அசையவில்லை. இருட்டிய பிறகு அப்பாதான் கழுத்தைக் கட்டிக்கொண்டு கூட்டிவந்தார்.

மாதங்கள் கழித்துக் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் பேர் பதிந்துவிட்டதாம், அங்கேயும் கொழுந்துதானாம். சுகம் கேட்ட வரிக்கு அடுத்த வரியிலேயே, “செவலை ஈன்டுச்சா?” என்று இருந்தது.

அப்பா சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன். கிடாரிக் கன்று, நெற்றியில் வெள்ளை.