பூனைக்கு முளைத்த தும்பிக்கை

எங்கள் வீட்டுப் பூனைக்குத் தமிழ் மட்டுமே தெரியும் என்பது என் பேத்தியின் முடிவு. நான் தமிழில் அழைக்கிறேன், அது வருகிறது. அவளுடைய தந்தை ஆங்கிலத்தில் அழைத்தார்; அது திரும்பியும் பார்க்கவில்லை. நான்கு வயதுக் குழந்தைக்கு வேறு சான்று வேண்டுமா? நாள்தோறும் உணவு வைப்பவன் நான் என்பதை நான் அவளுக்கு நினைவூட்டவில்லை.

2020-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர் இந்தியருள் பாதிக்கு மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி ஆங்கிலமே. என் மகளின் இல்லமும் அக்கணக்கில் அடங்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பித்தவன் நான். என் பேத்தியிடம் "சாப்பிட்டாயா அம்மா?" என்று கேட்டால் மறுமொழி ஆங்கிலத்தில் வரும். புரிந்துகொள்வாள், பேசமாட்டாள். ஆசிரிய நண்பர்கள் இந்நிலையை வகுப்பறையில் எத்தனையோ முறை கண்டிருப்பார்கள். வீட்டில் காணும்போதுதான் அது சுடுகிறது.

பூனை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் வாழ்வது தேக்கா நிலையத்தை அடுத்த அடுக்குமாடி வீட்டில். கீழே சந்தை, மீன்கடைகள், பூனைகளுக்குக் குறைவில்லை. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை, 2024 செப்டம்பர் முதல் நாள் நீங்கியது. ஒரு வீட்டில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம், உரிமம் பெறவேண்டும், தோலின்கீழ் நுண்சில்லும் பொருத்தவேண்டும். அதன் பின்னரே, நடைபாதையில் பலர் கைச்சோறு உண்டு திரிந்த இந்தப் பழுப்புநிறப் பூனை, குடியுரிமை பெற்றதுபோல் எங்கள் வீட்டினுள் நுழைந்தது. இவ்வூர்ப் பூனைகள் பலவற்றுக்கு உள்ளதுபோல் இதற்கும் வால் குட்டை. நுனியில் ஒரு முடிச்சு.

பெயர் வைக்கவேண்டுமே! நான் தமிழாசிரியன் அல்லவா? "பூசை" என்று முன்மொழிந்தேன். வெருகைப் பூசை என்று வழங்குவதைத் தொல்காப்பிய மரபியல் கூறுகிறது. பாற்கடலை நக்கிக் குடித்துவிட முனைந்த பூசையாகக் கம்பர் தம்மையே அவையடக்கத்தில் தாழ்த்திக்கொண்டார். இவ்வளவு பெருமையையும் எடுத்துரைத்தேன். பேத்தி தன் தாயைப் பார்த்து, சாமி கும்பிடுவதற்கும் பூனைக்கும் என்ன தொடர்பு என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இறுதியில் அவளே "குட்டி" என்று பெயரிட்டாள். பூனையோ முதுமையை எட்டிக்கொண்டிருந்தது. ஆயினும் வெருகின் இளமைப்பெயர் குட்டி என்பதும் மரபியல் சொன்னதுதான். குழந்தை தன்னையறியாமல் இலக்கணத்துக்குள் நின்றாள்.

அவ்வாண்டு இறுதி விடுமுறையில் பரணிலிருந்து ஒரு பிஸ்கட் தகர டப்பாவை இறக்கினேன். அதனுள் என் மனைவி 1980-இல் எங்கள் மகனுக்காக எழுதிய மின்னட்டைகள் இருந்தன. அவளும் ஆசிரியை. அவள் மறைந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. தடித்த அட்டையில் சிவப்பு மையால், தூரிகை கொண்டு எழுதியவை. சிவப்புக்கும் காரணம் உண்டு. சிறு குழந்தைக்குச் சொற்களைப் பெரிய சிவப்பு எழுத்தில் எழுதி, கண்ணெதிரே விரைந்து காட்டி எடுக்கவேண்டும் என்று அமெரிக்கரான கிளென் டோமன் 1964-இல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். அம்முறை உலகெங்கும் பரவியது. எனக்கு அதில் முழு உடன்பாடு இருந்ததில்லை. ஒலிக்கும் எழுத்துக்கும் பிணக்குள்ள ஆங்கிலத்தில் சொல்லை உருவமாகவே மனத்தில் பதிப்பதில் ஒரு பயன் இருக்கலாம். தமிழிலோ எழுத்தை அறிந்தவன் சொல்லை அறிந்தவனே ஆவான். 247 எழுத்துகள் என்று அஞ்சுவோர், பன்னிரண்டு உயிரும் பதினெட்டு மெய்யும் சில குறிகளும் கைவந்தால் பெரும்பகுதி தானே வந்துவிடும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இதுபற்றி மனைவியோடு வாதிட்டதுண்டு. அவள், "பிள்ளை சிரிக்கிறான், அது போதாதா?" என்பாள்.

பேத்தி அட்டைகளை வாங்கிக்கொண்டாள். எனக்குப் படித்துக்காட்ட மறுத்தாள். பூனையின் முன் அமர்ந்தாள். அதற்குத் தமிழ் மட்டுமே தெரியும் அல்லவா? ஆகவே தமிழிலேயே சொன்னாள். "குட்டி, இது அணில். குட்டி, இது ஆடு." நான் நாளிதழை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மாணவன் என்ன கண்டான் என்பதை எண்ணிப்பார்க்கிறேன். பூனையின் கண் இருளில் வல்லது. பகலில் அத்துணைக் கூர்மையுடையதன்று. முகத்துக்கு ஒரு சாண் தொலைவில் உள்ள பொருள் அதற்குத் தெளிவாகத் தெரியாது. சிவப்பும் நமக்குத் தெரிவதுபோல் தெரியாது; மங்கிய சாம்பல்நிறமாகவே தோன்றும் என்பர். ஆகவே என் மனைவி தேர்ந்தெடுத்த சிவப்பு அதனிடம் வீணாயிற்று. அசைவை மட்டும் அது விடுவதில்லை. அட்டை விரைந்து எழும்போது கண் எழுந்தது. தாழும்போது பாதம் பாய்ந்தது. டோமனின் முறைக்கு இத்தகைய கவனம் செலுத்திய பிள்ளையை நான் கண்டதில்லை. எலி என்ற அட்டையிடம் அது தனி விருப்பம் எதனையும் காட்டவில்லை என்பதை உண்மைக்காகக் குறிப்பிடுகிறேன்.

பூனை என்ற அட்டையை மட்டும் அது நக்கத் தொடங்கியது. நாள்தோறும் அதே அட்டை, அதே மூலை. பேத்தி பெருமை கொண்டாள். குட்டி தன் பெயரைப் படித்துவிட்டதாம். எனக்கு உண்மை தெரியும். 1978-இல், பெரியார் நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக்கியது. 1983-இல் சிங்கப்பூரும் அதனை ஏற்றது. பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. அவற்றுள் ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் அதுவரை தலைமேல் ஒரு சுழியைத் தும்பிக்கைபோல் தூக்கி நின்றவை. வகுப்பில் நான் ஒரு விடுமுறையில் கையைப் பழக்கி, மறுபருவத்தில் புதிதாய் எழுதினேன். கரும்பலகையில் என் கை தானாகவே பழைய சுழிக்கு ஓடி, மாணவர்கள் சிரித்ததும் உண்டு. மனைவியோ நல்ல அட்டைகளை வீசியெறிய மனமின்றி, இலை, தலை, பூனை, யானை ஆகியவற்றின்மேல் மட்டும் சிறு தாள்களை ஒட்டிப் புதிய எழுத்தை எழுதினாள். மகளுக்கு அவற்றைத்தான் காட்டினாள். மைதா மாவு காய்ச்சிய பசை. பூனை நாடியது அதனைத்தான்.

ஒரு மாலை சமையலறையில் இருந்தபோது குரல் கேட்டது.

"தாத்தா! இங்க வாங்க! பூனைக்கு மூக்கு வந்திடுச்சு!"

தமிழில்தான் சொன்னாள், என்னை நோக்கிச் சொன்னாள். அடுப்பை அணைத்தேனா என்பதும் நினைவில்லை. ஓடிச்சென்று பார்த்தேன். ஒட்டிய தாள் ஈரமாகி ஓரத்தில் சுருண்டு கிடந்தது. அதன் கீழே நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வெளிச்சம் படாத பழைய எழுத்து, சிவப்பு மங்காமல், தும்பிக்கையை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. அந்தச் சுழியை அவள் இடப்புறம் சற்றே தாழ்த்தி எழுதுவாள். வேறு யாரும் அவ்வாறு எழுதி நான் கண்டதில்லை.

"இது யார் எழுதினது?"

"உன் பாட்டி."

"பாட்டி தப்பா எழுதிட்டாங்களா?"

"இல்லை அம்மா. அப்போது அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு மாற்றிக்கொண்டோம்."

"ஏன்?"

அச்சுக்கோப்பவரின் இடர், தட்டச்சுப் பொறியின் இடநெருக்கடி, கற்போரின் சுமை என்று மாணவருக்கு ஒரு மணிநேரம் விளக்கியவன்தான் நான். அன்று என்னால், "எழுதுவதற்கு எளிதாக இருக்கட்டும் என்று" என்று மட்டுமே சொல்லமுடிந்தது. அவள் விரலால் அந்தச் சுழியின்மேல் ஒருமுறை கோடிழுத்தாள். பின்பு மறுபடி இழுத்தாள். தாளைத் திரும்ப ஒட்டட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் தாத்தா. குட்டி வால் சின்னது. இது இருக்கட்டும்."

பின் ஏதோ எண்ணியவளாய் டப்பாவைக் கவிழ்த்து, தேடி, யானை அட்டையை எடுத்தாள். பூனையின் மூக்கருகே நீட்டினாள்.

"குட்டி, இதையும் நக்கு. யானைக்குக் கண்டிப்பா உள்ளே இருக்கும்."

பூனை முகர்ந்து பார்த்தது. நானும் பேத்தியும் தரையில் அமர்ந்து காத்திருந்தோம்.