வாப்பா வைத்த தேயிலை

பதுளையிலிருந்து பசறை போகும் வீதியோரம் எங்கள் வளவு. பின்புறத்தில் ஒரு தேயிலை மரம் நின்றது. மரமென்றுதான் சொல்ல வேண்டும். இடுப்பளவுச் செடியையே பார்த்து வளர்ந்த என் வகுப்புத் தோட்டத்துப் பிள்ளைகள் அதை நம்பவில்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் நட்ட காலந்தொட்டு, கவ்வாத்துக் கத்திதான் அதைச் செடியாக வைத்திருக்கிறது. விட்டால் முப்பதடி தாண்டும்.

வாப்பா மௌத்தான பின் அதில் யாரும் கை வைக்கவில்லை. அடியில் வெறுந்தண்டு, உச்சியில் மட்டும் இலை. உம்மா பின்னேரங்களில் அதன் கீழேதான் இருப்பா. வெட்டுவோம் என்றேன். "வாப்பாட கையால வெச்சது" என்றா. அதோடு பேச்சில்லை.

நுனி மொட்டில் ஊறும் ஓட்சின் பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது, நுனியை நீக்கினால் அவை விழிக்கும் என்று பத்தொன்பது வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். ஒரு கொப்பைக்கூட வெட்டிப் பார்த்ததில்லை.

மாணவன் ஒருவனின் பாட்டனார் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டி ஓய்ந்தவர். ஓகஸ்டில் வந்து பார்த்தார்.

"இப்ப வேணாங்க சேர். இந்தக் கச்சான் காத்துல வெட்டுனா காஞ்சிரும். மழை புடிக்கட்டும். வேர்ல சாப்பாடு இருக்கணும்."

மழை பிடித்ததும் பென்சில் பருமனில் ஒரு வேரை அறுத்துப் பாடசாலை அயடீனை விட்டேன். கருநீலமானது. மாப்பொருள் இருக்கிறது. தோட்டங்களிலும் இந்தச் சோதனை உண்டு. பெரியவருக்குக் கண் பார்வையே போதுமாயிருந்தது.

இரண்டடி உயரத்தில் தண்டைக் கைவாளால் அறுத்தார். கிளைகளுக்குக் கத்தி; ஒரே வீச்சு, சாய்வாக, சிம்பில்லாமல். ஒரு கொப்பை மட்டும் இலையோடு விட்டார். "அது மூச்சு வுடட்டும்." வெட்டு வாய்களின் மேல் இலைக்குச்சிகளைப் பரப்பினார், வெயில் நேரே பட்டால் பட்டை வெடிக்குமாம். கூலி வாங்கவில்லை, மிலாறை மட்டும் கேட்டார். கட்டைத் தூக்கிவிடும்போதுதான் அவருடைய இடது பெருவிரலைக் கண்டேன். பாதிதான் இருந்தது. பேரனை மூன்று வருடம் படிப்பித்திருக்கிறேன். இவர் கையைப் பார்த்ததில்லை.

உம்மா கதிரையை முன்வாசலுக்கு மாற்றிக்கொண்டா. ஏழு கிழமை எதுவும் நடக்கவில்லை. மொட்டைத் தண்டைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பாடப்புத்தகத்திலேயே சந்தேகம் வந்தது.

ஒரு நாள் சுபஹுக்குப் பின் உம்மா கூப்பிட்டா. தண்டைச் சுற்றிச் செம்பச்சை முளைகள். பதினொன்று வரை எண்ணினேன்.

"அந்த மத்தக் கொப்ப எப்ப வெட்டுற?" என்று கேட்டா.