சொல்தா தாத்தாவின் மக்ரோனி

காரைக்காலில் 'சொல்தா வீடு' என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர் வீடு என்று அர்த்தம். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போன ஊர், 1954 நவம்பர் 1-ல் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962-ல் இணைப்பு சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்க 6 மாத அவகாசம் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்துவிட்டுப் பட்டாளத்துக்குப் போனவர்களில் ஒருவர்தான் அந்த வீட்டுத் தாத்தா.

15 வருடம் கழித்துத் திரும்பி வந்தவர், மெஸ்ஸில் சாப்பிட்ட மக்ரோனியைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. தக்காளிச் சாறு, சுட்ட காய், ஏதோ ஒரு தழை வாசனை. அப்பாயி ஒருநாளும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. "ஆமா, பெரிய மக்ரோனி!" என்று சொல்லிக்கொண்டே அவருக்கு இடியாப்பம் பிழிந்து போடுவார்.

போன பங்குனியில் தாத்தா போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அப்பாயியின் ராத்திரிச் சாப்பாடு ஒரு டம்ளர் பால்தான். அப்பா கெஞ்சியும் பார்த்தார், அதட்டியும் பார்த்தார். "பசிக்கலப்பா" என்று ஒரே பதில். லீவுக்கு ஊருக்கு வந்த பேத்தி, வேறு வழி தெரியாமல், அந்த மக்ரோனியைச் செய்வது என்று முடிவெடுத்தாள். பாக்கெட்டில் விற்பதை வேக வைப்பதில் என்ன இருக்கிறது? மாவிலிருந்தே செய்ய வேண்டும்!

மைதா 200 கிராம், நைஸ் ரவை 100 கிராம், உப்பு. தண்ணீர் சுமார் 150 மில்லி, கொஞ்சம் கொஞ்சமாக. வாசற்படியில் உட்கார்ந்திருந்த அப்பாயிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"என்னடி பாப்பா, பச்சத் தண்ணிய ஊத்துற? வெந்நிய ஊத்து. அப்பத்தான் இழை நிக்கும்."

இடியாப்பத்துக்கு அது சரி. அரிசியில் குளூட்டன் கிடையாது. கொதிநீர் பட்டு ஸ்டார்ச் பசையாக மாறினால்தான் மாவு ஒட்டி நிற்கும். கோதுமையில் குளூட்டன் இருக்கிறது. பச்சைத் தண்ணீர் விட்டுப் பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் அதுவே வலை மாதிரி பின்னிக்கொள்ளும். கொதிநீர் அந்த வலையைக் கெடுத்துவிடும். சொன்னால் அப்பாயி கேட்பாரா? அவருக்காக ஒரு சின்ன உருண்டையை மட்டும் வெந்நீரில் பிசைந்தாள். வெந்த பிறகு அது குழைந்து போனது. பேத்தி 1, அப்பாயி 0.

அடுத்தது தழை. சமையல் குறிப்பில் பேசில், ஆரிகானோ என்று போட்டிருந்தது. மார்க்கெட் முழுக்கச் சுற்றியும் கிடைக்கவில்லை. அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அப்பாயி கொல்லைக்குப் போய் இரண்டு தழைகளைப் பறித்து வந்து மூக்கருகே நீட்டினார். ஒன்று திருநீற்றுப்பச்சிலை. சர்பத்தில் போடும் சப்ஜா விதை இந்தச் செடியுடையதுதான். இத்தாலிக்காரர்களின் பேசிலும் இதே இனம், வாசனைதான் கொஞ்சம் மாறும். இன்னொன்று, சளிக்குக் கஷாயம் வைக்கும் கற்பூரவல்லி. ஆரிகானோவுக்கு உறவுதான். இரண்டிலும் கார்வக்ரால், தைமால் என்ற அதே வாசனைப் பொருட்கள். 1–1.

வீட்டில் ஓவன் இல்லை. கொத்சுக்குச் சுடுகிற மாதிரியே அப்பாயி கத்திரிக்காயில் எண்ணெய் தடவி நேராக நெருப்பில் காட்டினார். தோல் கருகி உள்ளே வெண்ணெயாக வெந்தது. தக்காளி, பூண்டு, குடமிளகாய் எல்லாம் இரும்புச் சட்டியில். மூடாமல், கிளறிக்கொண்டே இருக்காமல் விட வேண்டும். தண்ணீர் வற்றி ஓரம் சிவந்தால்தான் காய்க்கு அந்த இனிப்பு வரும். 2–1. (ஆம், அப்பாயிக்கு!)

அரை மணி ஊறிய மாவைச் சப்பாத்திக் கட்டையால் மெலிசாகத் தேய்த்து, நாடா நாடாக வெட்டி, முறத்தில் துணி விரித்துப் போட்டாள். மக்ரோனி போலக் குழலாக்க அவளுக்குக் கை வரவில்லை. உப்புப் போட்ட கொதிநீரில் மூன்றே நிமிடம். வடித்த தண்ணீரில் ஒரு கரண்டி எடுத்து வைத்தாள். அதில் கரைந்திருக்கும் மாவுதான் சாறை நாடாவோடு ஒட்ட வைக்கும். கடலை எண்ணெயில் கற்பூரவல்லி நாலே இலை, கூடினால் கஷாயம்தான்! பிறகு மசித்த காய், பாஸ்தா, வடித்த தண்ணீர். அடுப்பை அணைத்த பிறகு திருநீற்றுப்பச்சிலையைக் கிள்ளிப் போட்டாள்.

அப்பாயி முதலில் ஒரு துண்டு வாழையிலையில் கொஞ்சம் வைத்துத் தாத்தா படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையால் எடுத்து ஒரு வாய் சாப்பிட்டார். யாரும் பேசவில்லை. இரண்டாவது வாய்.

"இதுக்குத்தானா அந்த மனுசன் அம்புட்டுப் பேசினாரு?"

பேத்திக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்பாயி படத்தைப் பார்த்தார்.

"கொல்லையிலதான் இருக்கு அந்தத் தழன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அப்பவே செஞ்சு போட்டிருப்பேன்ல..."

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா ஏதோ எடுக்கப் போவது போல அடுப்படிக்குள் போய்விட்டார்.

மறுநாள் ராத்திரி அப்பாயி பாலோடு நிறுத்தவில்லை. இரண்டு இட்லி கேட்டார். இரண்டே இரண்டுதான். ஆனால் அவராகக் கேட்டார்.

உங்கள் வீட்டுத் தாத்தாவும் ஏதாவது ஒரு சாப்பாட்டைப் பற்றித் திரும்பத் திரும்பப் பேசுகிறாரா? அந்தத் தழை எப்படி இருந்தது என்று இப்போதே கேட்டு வையுங்கள்.