இனிஷியலும் கடன் மதிப்பெண்ணும்

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு நம் பெயரைப் பின்னே எழுதுவது நம்மவர் வழக்கம். சொந்த ஊரில் இருக்கும்வரை இதனால் எவருக்கும் இடையூறில்லை. ஹைதராபாத்துக்குக் குடிவந்த பின்னரோ, எந்தப் படிவத்தை எடுத்தாலும் குடும்பப் பெயர் யாது என்று கேட்கிறது. தெலுங்கு நண்பர்களுக்கு ‘இண்டிபேரு’ உண்டு, நமக்கு இல்லை. ஆகவே ஓரிடத்தில் இனிஷியலை விரித்தும், பிறிதோரிடத்தில் தந்தை பெயரைக் கடைசியில் சேர்த்தும் எழுதி வைக்கிறோம். ஒரே ஆசாமி மூவராகிவிடுகிறார். இருவர் ஒருவராகிவிடுவதும் உண்டு, அதுவே பெருந்தொல்லை.

செகந்தராபாத்தில் என்னுடன் பணிபுரியும் நண்பர் சென்ற ஆண்டு வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தார். ஒரு தவணையும் தவறாதவர். ஆயினும் பாங்கியில் மறுத்துவிட்டனர். அவரது கடன் அறிக்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் கடன் பல மாத நிலுவையுடன் நின்றதாம். அவருக்கோ மோட்டார் சைக்கிள் ஓட்டவே தெரியாது! அதே பெயரும் அதே இனிஷியலும் உடைய வேறொருவரின் கணக்கு அது. பிழை நீங்குவதற்குள், மகளின் பள்ளிக்கு அருகில் பார்த்து வைத்திருந்த வீடு பிறர் கைக்குப் போயிற்று.

இவ்வறிக்கைகளைத் தொகுப்பவை நான்கு நிறுவனங்கள்: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குபவை. கடன் கொடுத்தோர் அனுப்பும் விவரங்களைக் கொண்டு 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன. தவணை தவறினால் மதிப்பெண் குறையும். கடன் அட்டையின் வரம்பு முழுவதையும் செலவிட்டாலும், அடுத்தடுத்துப் பல இடங்களில் கடன் கேட்டாலும் குறையும். ஊர்க்காரர் என்ற அன்பினால் ஜாமீன் கையெழுத்திடுவோர் இதையும் அறிந்திருத்தல் நலம்: அக்கடன் நம் அறிக்கையிலும் ஏறும், அவர் தவறினால் பாங்கி நம்மைத்தான் நாடும்.

நம் அறிக்கையை நாமே பார்த்தால் மதிப்பெண் குறையும் என்று காரியாலயத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது வீண் அச்சம். ரிசர்வ் பாங்கியின் 2016ஆம் ஆண்டு உத்தரவின்படி, ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கொரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் ஒரே நாளில் வாங்காமல், மூன்று மாதத்துக்கு ஒன்றாக வாங்கினால் ஆண்டு முழுவதும் கண்காணித்தது போலாகும். மதிப்பெண்ணைவிடப் பெயர், பிறந்த தேதி, பான் எண், விலாசம், நாம் வாங்காத கடன் ஏதேனும் உண்டா என்பவற்றையே முதலில் நோக்குக.

பிழை கண்டால் அந்நிறுவனத்துக்கும், விவரம் அனுப்பிய பாங்கிக்கும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். பாங்கி ஒப்பினாலன்றி நிறுவனம் தானாகத் திருத்தாது. 30 நாட்களுக்குள் முறையீடு தீர்க்கப்படாவிடில், அதன் பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு. அப்பாலும் தீராவிடில் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். இதற்குக் கட்டணம் இல்லை. மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதாகப் பணம் கேட்கும் தரகர்களுக்கு இதில் யாதொரு வேலையும் இல்லை.

பெண்மக்கள் விஷயத்தில் சிக்கல் இரட்டிப்பாகும். மணமானதும் தந்தையின் இனிஷியல் போய்க் கணவரின் இனிஷியல் வருகிறது. பழைய கணக்குகள் பழைய பெயரிலேயே தங்கிவிடுகின்றன. என் மனைவியின் நகைக் கடன் ஒன்று இன்னும் பிறந்தவீட்டு இனிஷியலில் இருக்கிறது. பான் அட்டையில் உள்ளபடியே பெயரைத் திருத்தித் தருமாறு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறோம். வரும் வாரம் கிளைக்குச் சென்று கொடுக்க வேண்டும்.